பசையில் துத்தம் இல்லை

அன்றைக்கு அந்தச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள் இவர்கள்தான். வீட்டுக்காரம்மா காயத்ரி மேடம். அவர் மகள் நிலா, ஒன்பது வயது. மகன் ருத்ரன், ஐந்து வயது. மூன்றாவது வில்லாவிலிருந்து வந்த ஷாலினி மேடம். அவர் மகன் ஆதவ், எட்டு வயது. அந்த வீட்டில் சமையல் வேலை பார்த்த நான். என் மகள் சுபா, அவளுக்கும் எட்டு. மேசைக்கு அடியில் அந்த வீட்டு நாய். நாயையும் சேர்த்து எழுதுவதற்குக் காரணம், பாடம் தொடங்கும் முன் மேடம் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி வரவேற்றபோது அதன் பெயரையும் சொன்னதுதான். என் பெயர் அதற்கு அடுத்ததாக வந்தது.

கிழமை வியாழன், காலை பத்து மணி. அந்த நேரத்தில் எட்டு வயதுப் பிள்ளை ஒன்று பள்ளிக்கூடத்தில் இருக்கும், இல்லையென்றால் காய்ச்சலில் படுத்திருக்கும். மூன்றாவதாக ஓர் இடம் உண்டு, அது எனக்கு நன்றாகத் தெரியும், அதற்குப் பிறகு வருகிறேன். நான்காவதாக ஓர் இடம் உண்டு என்பதை ஒரகடத்துக்கு வந்துதான் தெரிந்துகொண்டேன். அதற்குப் பெயர் ஹோம்ஸ்கூலிங். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப எல்லா வசதியும் இருந்தும் அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொள்வது. வசதி இல்லாமல் வைத்துக்கொண்டால் அதற்கு வேறு பெயர், அதற்கு அதிகாரிகள் ஜீப்பில் வருவார்கள்.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து இதைப் படிக்கிறவர்கள் எங்களை மெட்ராசுக்குப் போனவர்கள் என்று சொல்கிறீர்கள். இது மெட்ராஸ் இல்லை. சிங்கப்பெருமாள் கோயிலில் விடியற்காலை பஸ்ஸை விட்டு இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, இரண்டு பக்கமும் மதில் சுவரும் கம்பெனி போர்டுமாகப் போகும் ரோட்டில் அரை மணி நேரம் வர வேண்டும். அதே பாஷை, அதே ரேஷன் அரிசி, ஆனாலும் வேறு தேசம்தான். அங்கே மழை வந்தால் காயப்போட்டதை அள்ளிக்கொண்டு ஓடுவோம். இங்கே மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் ஷிப்ட் பஸ் அதே நிமிடத்துக்கு வந்து நிற்கிறது. என் வீட்டுக்காரர் கார் சீட் தைக்கும் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். நாங்கள் இருப்பது வல்லக்கோட்டை போகும் ரோட்டில், வரிசையாக எட்டு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் ஒரு காம்பவுண்டில். அங்கிருந்து நடந்தால் இருபது நிமிடத்தில் வில்லா காலனி. கேட்டில் கைப்பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். வரும்போதும் காட்ட வேண்டும். உள்ளே போகும்போது எதற்கு என்று ஒரு நாள் கேட்டேன். வாட்ச்மேனுக்கும் தெரியவில்லை.

காயத்ரி மேடத்தின் கணவர் கார் பாகம் செய்யும் கம்பெனியில் பெரிய மேனேஜர். மூன்று வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டு வந்தவர்கள். பள்ளிக்கூடம் பிள்ளைகளின் கற்பனையைக் கொன்றுவிடும் என்பது மேடத்தின் கட்சி. "மணி அடிச்சா உட்காரணும், மணி அடிச்சா எழுந்திருக்கணும். அது ஃபேக்டரிக்கு ஆள் தயார் பண்ற முறை, மாரி" என்பார். அவர் கணவர் நடத்துவதே அப்படிப்பட்ட ஃபேக்டரிதான். மணி அடித்தால் உட்கார்ந்து எழுந்திருக்கிறவர்களை வைத்துத்தான் அந்த வீட்டு ஏ.சி. ஓடுகிறது. வாய் வரைக்கும் வந்தது. சட்னி தாளிக்கப் போய்விட்டேன்.

கணக்கும் இங்கிலீஷும் கம்ப்யூட்டரில் படிப்பார்கள். வரலாறு மட்டும் கையால் செய்து படிக்க வேண்டுமாம். வியாழக்கிழமை தோறும் வரலாறு. சிந்துவெளி என்றால் குளிக்கிற சோப்பில் முத்திரை செதுக்குவது. வாசனைச் சோப்பு, ஆளுக்கு இரண்டு. ஆதி மனிதன் என்றால் சுவரில் பேப்பர் ஒட்டி, காபித் தூளைக் குழைத்து மாடு வரைவது. சங்க காலத்துக்குக் களிமண்ணில் தாழி செய்தார்கள். செத்தவர்களைப் புதைக்கிற பானை என்று பாடம் நடத்திவிட்டு, காய்ந்ததும் அதிலேயே பிஸ்கட் போட்டு வைத்தார்கள். என்னையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எனக்கு அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை. உழவர் வாழ்க்கைக்கு ஆன்லைனில் ஒரு சாண் உயரத்துக்கு உரல் வந்தது. பிள்ளைகள் குத்திய அரிசி நாய்க்குப் போனது. ஒவ்வொரு பாடம் முடிந்ததும் துடைப்பம் என் கையில். மனித குலத்தின் வரலாறு முழுவதையும் நான் பெருக்கி அள்ளியிருக்கிறேன்.

காலனிக்குள் குப்பை வண்டி தள்ளும் எஸ்தர் அக்கா இந்த ஊர்க்காரி. வியாழக்கிழமை என்றால் வண்டியைப் பின்வாசலில் நிறுத்திவிட்டு என்னைக் கேட்பாள்.

"இன்னா மாரி, இன்னிக்கு எந்த ராஜா காலம்?"

"மைதா மாவுல கோட்டை கட்டுறாகக்கா."

"கட்டட்டும். இந்த வூடு கீற எடத்துலதான் எங்க மாமனாரு வெண்டக்கா போட்டுக்கினு இருந்தாரு. அத்த எந்த பாடத்துலயாச்சும் வெச்சிக்கிறாங்களா பாரு."

"அது போன வருசத்து சங்கதில்லாக்கா. சரித்திரம்னா பழசா இருக்கணும்."

"எனக்கு பழசுதான்டி. துட்டு செலவாயிட்ச்சே."

இப்படிச் சிரித்துக்கொண்டே இருந்திருப்பேன். கோடை விடுமுறையில் சுபாவை ஒரு நாள் கூட்டிப்போனதுதான் வினை. மேசையில் கிடந்த அட்டைப் பெட்டியின் மேல் எழுதியிருந்த இங்கிலீஷை அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். மேடம் அதைப் பார்த்துவிட்டார். பள்ளி திறந்து இரண்டு மாதம் ஆன பிறகு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "சுபாவ எங்ககிட்டயே விட்டுடுங்க மாரி. நிலாகூட சேர்ந்து படிக்கட்டும். ஃபீஸ் எதுவும் வேண்டாம். அந்த ஸ்கூல்ல என்ன இருக்கு?"

அந்த ஸ்கூலில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இரண்டு வகுப்புக்கு ஒரு டீச்சர், கதவு இல்லாத கக்கூஸ், மதியம் முட்டை. என் வீட்டுக்காரருக்குக் கேட்ட உடனே முகம் விளக்குப் போட்டது. "இங்கிலீசு சும்மா கெடைக்கி. வேண்டாம்னா சொல்லுவ?" என்று, என்னைக் கேட்காமலே, டி.சி. வேண்டும் என்று பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். வருகிற திங்கட்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அதுவரைக்கும் காய்ச்சல் என்று சொல்லி, நான்கு நாளாகச் சுபா வில்லாவுக்கு என்னோடு வந்துகொண்டிருந்தாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தரையில் பொதபொதவென்று ஒரு மெத்தை நாற்காலி, அதில் சாய்ந்துகொண்டே படிக்கலாம், வீட்டுப்பாடம் கிடையாது, யாரும் அதட்டுவது கிடையாது.

எனக்குக் கவலைப்படுவதில் வார லீவு கிடையாது. கேஸை மூடினேனா, நாய்க்கு ஊசி போட்டார்களா, நீச்சல் குளத்துக் கேட் பூட்டியிருக்கிறதா என்று வரிசையாக வரும். ஆனால் இந்தக் கவலை வேறு மாதிரி. மேனேஜர்களுக்கு மூன்று வருடத்தில் மாற்றல் வரும். அவர்கள் பூனாவுக்கோ மறுபடியும் ஜெர்மனிக்கோ போனால் சுபா எந்த வகுப்பில் இருப்பாள்? மேடத்திடம் கேட்டேன். "வகுப்புங்கிறதே ஒரு கட்டுப்பாடுதான், மாரி" என்றார். நிலாவை எந்த வயதில் கொண்டுபோனாலும் ஏதாவது ஒரு பெரிய ஸ்கூல் நாற்காலி போட்டு உட்கார வைக்கும். என் மகள் கையில் சர்ட்டிபிகேட் இல்லாமல் போய் நின்றால் வாட்ச்மேன் முதலில் பையைத் திறக்கச் சொல்வான்.

நான் ஐந்தாம் வகுப்பில் பாதியில் நின்றவள். நின்றேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. யாரும் நிறுத்தவில்லை, நானும் நிற்கவில்லை. அம்மாவுக்குக் கையில் கட்டி வந்து ஒரு வாரம் அவளுக்குப் பதிலாகத் தீப்பெட்டி ஒட்ட உட்கார்ந்தேன். அந்த ஒரு வாரம் முடியவே இல்லை. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் என் கூடப் படித்தவள். சாயங்காலம் வந்து, "இன்னைக்கும் டீச்சர் ஒம் பேரக் கூப்பிட்டாகட்டி" என்று சொல்வாள். எனக்கு அது ஒரு மாதிரி பெருமையாக இருக்கும். போகாமலே நான் அங்கே இருக்கிற மாதிரி. ஒரு நாள் வந்து, "இன்னைக்கு மகாலட்சுமிக்குப் பொறவு முத்துமாரியக் கூப்பிட்டாக" என்றாள். நடுவில் நான் இல்லை. சிவப்பு மையால் கோடு போட்டு வெட்டியிருந்தார்களாம். அவள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். நான் ஒட்டிக்கொண்டிருந்த பெட்டியை முடித்துவிட்டு அடுத்த அட்டையை எடுத்தேன்.

மூன்றாவது இடம் என்று சொன்னேனே, அது இதுதான். ஒரு வருடம் வீட்டில் ஒட்டிவிட்டு அப்புறம் ஆபீசுக்குப் போனேன். நம் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்று சொல்வோம் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே யாருக்கும் தெரியாது.

அந்த வியாழக்கிழமை மேடம் மேசையில் ஒரு பெட்டியை வைத்துத் திறந்தார். வெளியே ஆயிரத்து நானூறு ரூபாய் என்று விலை ஒட்டியிருந்தது. உள்ளே மடிப்புக்கோடு போட்ட அட்டைத் துண்டுகள், இருநூறு தீப்பெட்டிக்கு. மேலே ஒட்ட மயில் படம் போட்ட லேபிள். ஒரு சின்ன பிரஷ். அட்டையைப் பார்த்த உடனே நான் சமையலறைப் பக்கம் திரும்பிவிட்டேன்.

"கிட்ஸ், இன்னைக்கு நம்ம ஸ்டேட்டோட தொழில் வரலாறு. குட்டி ஜப்பான்னு ஒரு ஏரியா உண்டு. மாரி ஆன்ட்டி அந்தப் பக்கம்தான்." என்னைப் பார்த்தார். "மாரி, கை கழுவிட்டு வாங்க. இன்னைக்கு நீங்கதான் டீச்சர்."

"கொழம்பு அடுப்புல கெடக்கு மேடம்."

"ஆஃப் பண்ணிட்டு வாங்க. லிவிங் ஹிஸ்டரிய பக்கத்துல வச்சுக்கிட்டு நாங்க யூடியூப் பாக்கணுமா?"

"சோ லக்கி" என்றார் ஷாலினி மேடம். யார் லக்கி என்று தெரியவில்லை.

உட்கார்ந்தேன். அட்டையையும் பசையையும் கீழே இறக்கிக்கொண்டு தரையில்தான். பீங்கான் கிண்ணத்தில் பசை வெள்ளையாக இருந்தது. அது என்னவோ மனதை உறுத்தியது. ஏன் என்று அப்போது பிடிபடவில்லை. பிரஷை ஒதுக்கிவிட்டு விரல் நுனியில் பசையைத் தொட்டு, அட்டையைக் கோட்டில் மடக்கி, ஓரத்தில் ஒரு இழுப்பு, ஒரு அழுத்து, பின்பக்கம் ஒரு எறி. எறிவதுதான் முக்கியம். எடுத்து அழகாக வைத்துக்கொண்டிருந்தால் கூலி போச்சு. இருபது வருடம் ஆகிவிட்டது, கை ஒன்றையும் மறந்திருக்கவில்லை. எனக்குக் கையின் மேல் கோபம் வந்தது. படித்த ஐந்து வகுப்பில் ஒரு வரி ஞாபகம் இல்லை, இதை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறது. பெட்டிகள் சோபாவுக்கு முன்னால் போய் விழுந்தன. நாய் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து கொடுத்தது. எல்லாரும் கை தட்டினார்கள், நாய்க்கு.

"எத்தனை வயசுல ஸ்டார்ட் பண்ணீங்க மாரி?"

"பத்து வயசுல. மொதல்ல வீட்டுல, பொறவு ஆபீஸ்ல."

"பத்து வயசுல ஆபீஸா? என்ன பண்ணீங்க அங்க?"

"கட்டை அடுக்குனேன்."

"கட்டா? ஃபைல் கட்டா?" என்று ஷாலினி மேடம் சிரித்தார். "சின்னப் பொண்ணு ஃபைல் தூக்கிட்டுப் போறத நெனச்சுப் பாரு, காயத்ரி."

"ஃபைல் இல்ல மேடம். தீக்குச்சி. சட்டத்துல அடுக்கணும்."

அது அவர் காதில் ஏறவில்லை. காயத்ரி மேடம் கன்னத்தில் கை வைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப ஸ்கூல்?"

"போகல மேடம்."

"வீட்டுலயே அம்மா பக்கத்துல உட்கார்ந்து, கையால செஞ்சு செஞ்சு..." அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "பாத்தியா ஷாலு, மாரியும் ஹோம்ஸ்கூல்தான்."

அவர் கிண்டல் செய்யவில்லை. கிண்டலாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். மனதார, என்னைத் தன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைக்கிற மாதிரிச் சொன்னார். கெட்டவர் இல்லை. வேலைக்காரர்களுக்கு மிஞ்சின சோறு கொடுக்கிறவர் இல்லை, எனக்கும் அதே சாப்பாடுதான். எதுவும் தெரியாமல் இருப்பதற்கு இவ்வளவு படிப்பும் இவ்வளவு பணமும் வேண்டியிருக்கிறதே என்றுதான் எனக்குத் தோன்றியது.

அதற்குள் நிலா இரண்டு பெட்டி ஒட்டியிருந்தாள், இரண்டும் கோணல். ஆதவ் ஒன்றைச் செய்து அதைக் கார் என்று ஓட்டிக்கொண்டிருந்தான். ஷாலினி மேடம் நகத்தில் பசை படாமல் லேபிளைப் பிடித்துக்கொண்டிருந்தார். "மாரி, சுபாவப் பாருங்க" என்றார் காயத்ரி மேடம்.

சுபா மெத்தை நாற்காலியில் இல்லை. தரையில் என்னைப் போலவே ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். விரலில் பசை, மடக்கு, இழுப்பு, அழுத்து, எறி. நான் அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. இந்த மாதிரி ஒரு வேலை இருந்தது என்றுகூட அவளிடம் பேசியதில்லை. அரை மணி நேரம் என் கையைப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான்.

"ப்ளட்லயே இருக்கு" என்றார் மேடம். "இதத்தான் நான் சொல்றேன். எந்த ஸ்கூலும் இதைக் கண்டுபிடிக்காது."

அந்த நேரத்தில்தான் ருத்ரன் கிண்ணத்தில் கை விட்டு, பசையை அள்ளி வாயில் வைத்தான்.

நான் என்ன செய்தேன் என்று பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன் கையில் ஓங்கி ஓர் அடி. தாடையைப் பிடித்து வாயைத் திறந்து இரண்டு விரலை விட்டு வழித்தேனாம். தூக்கிக்கொண்டு ஓடி, சமையலறைக் குழாய்க்கு அடியில் தலையைக் கவிழ்த்தேனாம். "துத்தம், துத்தம்" என்று கத்திக்கொண்டே இருந்தேனாம்.

"சுத்தமாதான் இருக்கு மாரி!" மேடம் பின்னாலேயே ஓடிவந்தார். "சுத்தமா இருக்கு, ஆர்கானிக் மைதா, நான்தான் காய்ச்சினேன். விடுங்க அவன."

"துத்தம் மேடம், துத்தம்."

"அதான் சொல்றேன், சுத்தம்."

பிறகுதான் கிண்ணத்தைத் திரும்பிப் பார்த்தேன். வெள்ளைப் பசை. நாங்கள் ஒட்டிய பசை நீலம் பூத்திருக்கும். மைதாவோடு மயில்துத்தம் கலந்துதான் காண்ட்ராக்டர் கொடுப்பார். எலியும் பூச்சியும் அரிக்காமல் இருக்க என்பார்கள். அது பாதிதான் உண்மை. பசித்த பிள்ளைகள் பசையை நக்கிவிடக் கூடாது என்பதற்கும்தான் என்று எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். துத்தம் விஷம். தெரிந்தும் என் தம்பி ஒரு நாள் தின்றான். மூன்று வயது அவனுக்கு. நீலமாக வாந்தி எடுத்தான். அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினாள். பிழைத்துக்கொண்டான், இப்போது திருப்பூரில் இருக்கிறான். ஆனால் அம்மா ஓடிய பிறகு நான் என்ன செய்தேன் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. வாந்தியைச் சாக்கால் துடைத்துவிட்டு, அட்டையை எடுத்து மறுபடியும் ஒட்டினேன். எண்ணிக்கை குறைந்தால் சனிக்கிழமை கூலி குறையும் என்று.

வில்லாவில் யாரும் சத்தம் போடுவதில்லை. மேடம் மகனை மடியில் வைத்து ஆறுதல் சொன்னார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார். "இந்த வீட்ல யாரும் கை நீட்டுறது இல்ல மாரி. அவனோட கண் லெவலுக்கு உட்கார்ந்து சாரி சொல்லுங்க." முட்டி போட்டுச் சொன்னேன். அவன் யோசித்துவிட்டு, "இட்ஸ் ஓகே, மாரி" என்றான். அப்புறம் ஏன் அப்படிச் செய்தேன் என்று மேடம் கேட்டார். துத்தத்தைப் பற்றிச் சொன்னேன், தம்பியைப் பற்றிச் சொன்னேன். சுருக்கமாகத்தான். மேடத்தின் கண் கலங்கிவிட்டது. உண்மையாகவே கலங்கியது. கலங்கிய கண்ணோடு கையைப் போனுக்கு நீட்டினார்.

"இத அப்படியே இன்னொரு தடவை சொல்றீங்களா? நான் ரெக்கார்ட் பண்ணிக்கறேன். எங்க குரூப்ல எல்லாரும் கேக்கணும்."

"அம்மா," என்றாள் நிலா, "நம்ம பசைலயும் ப்ளூ கலர் போடலாமா? கேக்குக்கு வாங்கினது இருக்கே. அப்பத்தான் கரெக்டா இருக்கும்."

"குட் தாட், கண்ணா."

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு சத்தம் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. தரையில் அட்டைப் பெட்டி விழுகிற சத்தம். எல்லாரும் எழுந்து ஓடினார்கள், பிள்ளை அலறினான், நாய் குரைத்தது. சுபா தலையைத் தூக்கவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தாள். மடக்கு, இழுப்பு, அழுத்து, எறி.

"எந்திட்டி" என்றேன்.

"இது ஒண்ணு மட்டும்மா."

"எந்திட்டின்னா."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கேட்டில் பையைத் திறந்து காட்டினேன். மதியச் சூட்டில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்ற ரோட்டோரம் அவள் எனக்கு ஐந்தடி பின்னால் நடந்து வந்தாள். அப்புறம் ஆரம்பித்தாள்.

"இன்னாமா நீ. அவங்க யாருமே அடிக்கல. நீதான் அட்ச்ச."

"சரி."

"நாளைக்கு வரேன்னு நிலாகிட்ட சொல்லிக்கினு இருந்தேன். நீ எல்லாத்தயும் கெட்த்துட்ட."

"சரிட்டி, நட."

என் வயிற்றில் பிறந்தது எஸ்தர் அக்கா மாதிரிப் பேசுகிறது. ஊருக்குப் போனால் என் அண்ணன் பிள்ளைகள் இவளைப் பேசச் சொல்லிக் கேட்டுச் சிரிக்கிறார்கள். நான் பேசினால் இங்கே காய்கறிக்காரி சிரிக்கிறாள். நடந்துகொண்டே அவள் விரல்களைப் பார்த்தேன். காய்ந்த பசையைக் கட்டைவிரல் நகத்தால் உரித்துக்கொண்டு வந்தாள். அதுவும் நான் சொல்லிக்கொடுக்காததுதான்.

வீட்டுக்காரர் இரண்டாவது ஷிப்டுக்குக் கிளம்பி ஷூ போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன், டி.சி. வாங்க வேண்டாம் என்றேன். பாதி மாட்டிய ஷூவோடு எழுந்து நின்றார்.

"கிறுக்கா ஒனக்கு? ஒரு பிள்ளையத் தட்டுனதுக்கு நம்ம பிள்ளை வாழ்க்கையக் கெடுப்பியா?"

"தட்டுனதுக்கு இல்ல. இவ ஒட்டுறதப் பாத்தேன்."

"ஒட்டுனா என்ன? வெளயாட்டுக்கு ஒட்டுனா."

"நானும் ஒரு வாரத்துக்குத்தான் ஒட்டுனேன்."

"ஏ புள்ள, நான் பள்ளிக்கூடம் போனேம்லா. ஐ.டி.ஐ. முடிச்சேம்லா. என்னத்தக் கண்டேன்? ஒன்பது வருசமா காண்ட்ராக்ட். அந்தம்மா வீட்டுல இருந்தான்னா நாலு பெரிய மனுசங்க பழக்கம் கெடைக்கும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. "அவ பேர வெட்ட விடமாட்டேன்" என்று மட்டும் சொன்னேன். ரோட்டில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. "என்னமும் செய்யி, நாளப்பின்ன என்னையக் கேக்காத" என்று ஓடினார்.

திங்கள் வரைக்கும் காத்திருக்கத் தைரியம் இல்லை. வெள்ளிக்கிழமை காலையிலேயே சுபாவுக்கு யூனிஃபார்ம் போட்டு, தலை பின்னி, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனேன். ஹெச்.எம். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து முட்டைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

"காய்ச்சல் விட்டுடுச்சா?"

"விட்டுட்டு டீச்சர். டி.சி. வேண்டாம். அந்தக் காயிதத்தக் குடுத்துருங்க. அவுக தெரியாம எழுதிட்டாக."

"தெரியாம எழுதறதுக்கு அது இன்னா லாட்டரி சீட்டா?" அவர் தலை நிமிரவில்லை. "உங்க பக்கத்து ஆளுங்களோட இதே ரோதனை. வருவீங்க, பாதி வருஷத்துல ஊருக்குப் போயிடுவீங்க. இங்க பேர் மட்டும் உட்கார்ந்துக்கினு இருக்கும், ஆள் இருக்காது."

"வெட்டிட்டீங்களா டீச்சர்?"

"இன்னாத்த?"

"பேர."

அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ. எதிரில் இருந்த ஸ்டூலைக் காலால் தள்ளி உட்காரச் சொன்னார். மேசை டிராயரைத் திறந்து கடிதத்தைத் தேடி எடுத்து, நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். "போய் உட்காரு பாப்பா. மூணாம் கிளாஸ் இப்ப அஞ்சாம் கிளாஸ்கூட உட்கார்ந்துகீது, டீச்சர் லீவு" என்றார். சுபா என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனாள். இப்போதும் அவளுக்குக் கோபம் ஆறவில்லை. இங்கிலீஷில் ஏதாவது தெரியாமல் போனால், "நிலாவுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்று எனக்குக் கேட்கிற மாதிரிச் சொல்கிறாள். நான் சரியாகச் செய்தேனா என்று தினமும் ஒரு தடவையாவது பயம் வருகிறது. முட்டை கொடுத்தார்களா, பாடம் நடத்தினார்களா, அவள் பெயரைக் கூப்பிட்டார்களா என்று சாயங்காலம் கேட்கிறேன். அவள் மூன்றாவதுக்கு மட்டும் ஆமாம் சொல்கிறாள்.

என்னுடைய பெயர் இன்னும் ஊர் வாக்காளர் பட்டியலில்தான் இருக்கிறது. ரேஷன் கார்டிலும் ஊர் முகவரிதான். பள்ளிக்கூட நோட்டில் மட்டும்தான் வெட்டினார்கள். இந்த ஊரில் என் பெயர் எழுதியிருந்த ஒரே இடம் வில்லா கேட்டில் வாட்ச்மேன் வைத்திருக்கும் நோட்டு. இப்போது அங்கேயும் கிடையாது. வேறு காலனியில் இரண்டு வீட்டுக்குப் பாத்திரம் கழுவப் போகிறேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வீடுதானா என்று கேட்டுத்தான் சேர்ந்தேன்.

காயத்ரி மேடம் பதினோரு நாள் சம்பளத்தைப் பைசா குறையாமல் வீட்டுக்காரர் போனுக்கு அனுப்பிவிட்டார். கூடவே குரலில் ஒரு செய்தி. "மாரி, ரொம்ப வருத்தமா இருக்கு. நீங்க திரும்ப வரணும்னு கேக்கல. ஆனா அன்னிக்கு ஒர்க் ஷாப் எடுத்ததுக்குத் தனியா ஃபீஸ் தரணும். கைவினைஞர்களோட நேரத்துக்கு நாங்க மதிப்புக் குடுப்போம். உங்க ரேட் என்னன்னு சொல்லுங்க."

எஸ்தர் அக்காவிடம் கேட்டேன். "ரெண்டாயிரம்னு சொல்லுடி. போன மாசம் பானை செய்யக் கத்துக்குடுக்க வந்த ஆளுக்கு அவ்ளோ குடுத்தாங்களாம். நோவாம வர்ற துட்டு, வாங்கிக்கினு போவியா." இந்த ஊர் ரேட் அது. எங்கள் ஊரில் பெட்டியை குரோஸ் கணக்கில் எண்ணுவோம், நூற்று நாற்பத்து நான்கு பெட்டி ஒரு குரோஸ். நான் கடைசியாகக் கூலி வாங்கிய வருடம் குரோசுக்கு இரண்டு ரூபாய். எந்த ஊர் ரேட்டைச் சொல்வது என்று ஒரு மாதமாகத் தெரியாமல், பதிலே போடாமல் வைத்திருக்கிறேன். சுபாவைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வரும்போதும் கண் தரையில் கிடந்த பெட்டிகளை எண்ணிவிட்டுத்தான் வந்தது, நாய் கவ்வியதையும் சேர்த்து. நானும் அவளும் ஒட்டியது சரியாக ஒரு குரோஸ். அதில் முப்பத்தாறு அவளுடையது. அந்த முப்பத்தாறை நான் எந்த ஊர்க் கணக்கிலும் சேர்க்க மாட்டேன். அதைக் கழித்துவிட்டால் மேடம் எனக்கு இன்னும் தர வேண்டியது ஒரு ரூபாய் ஐம்பது பைசா.